ஒரு சொம்பு நீராகாரம்

ஓடுவது எனக்குப் பழகிய விஷயம். முப்பதுகளின் பின்பாதியில் அலுவலகத் தோழி ஒருத்தி விடியற்காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் சீக்கிரமே நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. பத்து கிலோமீட்டர், அரை மராத்தான் என்று தூரம் கூடிக்கொண்டே போனதில் ஒருநாள் முழங்கால் மக்கர் செய்தது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, வாரத்தில் பாதி நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு சைக்கிள் மிதிக்கவும் நீந்தவும் சொன்னார். "மூணையும் சேர்த்து ஒரே நாள்ல செய்யறதுக்குன்னே ஒரு பந்தயம் இருக்கு மேடம்" என்று சும்மா பேச்சுக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சைக்கிள் பள்ளி நாட்களில் ஓட்டியதுதான். நீச்சல்தான் தெரியாது. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தும் எங்கள் தலைமுறைப் பெண்களில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. மெரினாவில் கால் நனைப்போம். பாவாடை முழங்கால்வரை நனைந்ததும் அம்மா கத்துவாள். கடலோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். 1994இல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தபோது, நாளிதழில் வந்த அவன் படத்தை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள். கூட்டமாக நின்று பார்த்தோம். அடுத்து அல்ஜீப்ரா வகுப்பு. நமக்கும் யாராவது நீச்சல் சொல்லித் தரலாமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஆக, நாற்பதை நெருங்கும்போதுதான் குளத்தில் இறங்கினேன். வீட்டுக்கு அருகில் ஒரு பள்ளியின் 25 மீட்டர் குளம், காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கான நேரம். என் பேட்சில் மற்ற எல்லோரும் ஒன்பது பத்து வயதுச் சிறுமிகள். கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போய்த் திரும்புவதற்குள் நான் நடுக்குளத்தில் நின்று இருமிக்கொண்டிருப்பேன். குழந்தைகள் தண்ணீருக்குள் மூச்சை விடுகிறார்கள், பெரியவர்கள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்றார் கற்றுக்கொடுத்தவர். உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால்தான் தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில் புது மூச்சை இழுக்க இடமிருக்கும். மூளைக்குப் புரிந்தது, உடம்பு கேட்கவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்க வந்தது அந்தச் சமயத்தில்தான். மாமா காலமான பிறகு அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னை வந்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொழுது போகாமல் ஒரு சனிக்கிழமை என்னோடு குளத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை விளிம்புவரை இழுத்துப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் போவதையும் இருமுவதையும் வெகுநேரம் பார்த்தார்.

"என்னளா, தண்ணிய இந்த அடி அடிக்க? அது உன்னைய என்ன செஞ்சுது?"

சிறுமிகள் சிரித்தார்கள். அத்தை அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

"தலைய உள்ள குடு. கண்ணு தரையப் பாக்கட்டும். தலையத் தூக்குனா காலு தாழத்தான் செய்யும்."

கற்றுக்கொடுத்தவர் அதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான். ஆனால் அவர் ஆங்கிலத்தில் சொன்னார், கனிவாகச் சொன்னார். அத்தை சொன்ன தொனியில் கேட்டதும் தலை தானாக உள்ளே போனது.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். அத்தைக்கு அவருடைய ஆச்சிதான் தாமிரபரணியில் நீச்சல் பழக்கியிருக்கிறார். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் துறையில் இறக்கிவிடுவாராம். குடுக்கை இல்லாமல் அக்கரைக்குப் போய் வந்தபோது எட்டு வயதோ என்னவோ. மலையில் மழை பெய்து புதுத்தண்ணீர் இழுத்துக்கொண்டு வரும் நாட்களில் ஆற்றை எதிர்த்து மல்லுக்கு நிற்கக் கூடாது, சாய்வாக அறுத்துக்கொண்டு போக வேண்டும், நினைத்த படித்துறைக்கு இரண்டு துறை தள்ளிக் கரையேறினால் போதும் என்றார். வயதுக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பிறகு படியில் உட்கார்ந்து குளிப்பது மட்டும்தான். இதெல்லாம் என் கணவருக்கே புதுச் செய்தி. "எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா" என்றார். "நீ எப்பம் கேட்ட?" என்றார் அத்தை.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன மாதிரிப் பந்தயம் ஒன்று, அயர்ன்மேன் 70.3, கோவாவில் 2019 அக்டோபரில் முதன்முறையாக நடந்தது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், மைல் கணக்கு அது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், மொத்தம் 113 கிலோமீட்டர். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதில் நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடம்தான் கெடு. எங்கள் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்றால் 76 நீளம். நாற்பதைத் தாண்டினால் எனக்கு எண்ணிக்கை குழம்பிவிடும்.

அடுத்த வருடப் பந்தயத்துக்குத் தயாராகலாம் என்று திட்டம் போட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. குளத்தை மூடினார்கள், கடற்கரையை மூடினார்கள், அந்த வருடமும் அடுத்த வருடமும் கோவாவில் பந்தயமே இல்லை. எனக்கு மிஞ்சியது கூடத்தில் ஒரு ட்ரெய்னர். சைக்கிளின் பின்சக்கரத்தை அதில் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் வியர்வை சொட்டித் தரையில் குட்டையாகத் தேங்கும். அத்தை தன் பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்துக் கீழே விரித்துவைப்பார். கீழ்வீட்டுக்காரர் அதிகாலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் மாவு மெஷின் ஓடுவதாகப் புகார் சொன்னார். அவரிடம் பேசச் சென்றதும் அத்தைதான். என்ன பேசினார் என்று தெரியாது. அவர்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்தார்.

பயிற்சியாளர் இளைஞர், வாரந்தோறும் அட்டவணையைக் கைபேசிக்கு அனுப்புவார். அத்தைக்கு அதில் திருப்தியில்லை. தாளில் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார். "செவ்வாய் – ஓட்டம் – மேட்டில் ஆறு முறை" என்று இருந்தால் ஆறு முறை ஓடினேனா என்று கேட்பார். மூன்றரைக்கே எழுந்துவிடும் பழக்கம் அவருக்கு. நாலு மணிக்கு என் கால் பெருவிரலைப் பிடித்து ஓர் இழு இழுப்பார். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம், மாமியாரை அணைக்க முடியாது. மருமகள் காலையில் ஜெர்சி மாட்டிக்கொண்டு சைக்கிளோடு கிளம்பினால் மாமியார் முகத்தைச் சுளிப்பார் என்றுதான் தோழிகள் நினைத்தார்கள். என் வீட்டில் பிணங்கியது வேறொருவர்.

அதைச் சொல்வதற்கு முன் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் நெடுந்தூர சைக்கிள் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், பந்தய தூரம் அப்படியே வந்துவிடும். நாலரைக்குக் கிளம்பினால் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டும்போது கீழ்வானம் வெளுக்கும். முட்டுக்காடு பாலத்தில் முகத்துவாரத்தின் உப்பு வாடை முகத்தில் அடிக்கும். அந்தப் பாலம்தான் வழியில் இருக்கும் ஒரே ஏற்றம், அதையும் ஏற்றம் என்று மலையூர்க்காரர்களிடம் சொல்லிவிடக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும். நம் கால்தான் இப்படி மிதிக்கிறது என்ற மமதை மாமல்லபுரம்வரை இருக்கும். திரும்பும்போது அதே காற்று எதிரில் நிற்கும்.

வெயில் காலத்தில் பிரச்சினை வேறு. இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சுலபத்தில் ஆவியாகாது, உடம்பும் குளிராது. உப்புதான் போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து நின்றால் கறுப்பு ஜெர்சியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருக்கும். அத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "தூத்துக்குடி உப்பளமாட்டுல்லா இருக்கு" என்றார். பயிற்சியாளர் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார், ஜெல் பாக்கெட்டுகளும் வாங்கச் சொன்னார். அந்த ஜெல்லின் சுவையைப் பற்றி நல்லவிதமாக எதுவும் சொல்ல வராது. அத்தையின் வைத்தியம் நீராகாரம். முந்தைய இரவு சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீரை வடித்து, கல்லுப்புப் போட்டு, நாலு சின்ன வெங்காயம் நசுக்கி, ஒரு கரண்டி மோர் விட்டு, எவர்சில்வர் சொம்பில் தருவார். லிஃப்டிலிருந்து வெளியே வரும்போதே வாசலில் சொம்போடு நிற்பார். ஷூவைக் கழற்றுமுன் குடித்தாக வேண்டும். பயிற்சியாளரிடம் சொன்னபோது உப்பு அளவைக் கேட்டார். "அத்தையின் கையளவு" என்றேன். பதிலுக்குச் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார்.

பிணங்கியது என் கணவர். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, ஆனா சரியா எழுது" என்றார். அவர் பெண்டாட்டி சைக்கிள் ஓட்டக் கூடாது என்று சொல்கிற ஆளில்லை. சைக்கிள் வாங்க முதலில் பணம் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். அவருடைய குறை நேரத்தைப் பற்றியதுகூட இல்லை. இரவு எட்டரைக்கு நான் தூங்கிவிடுகிறேன் என்பதுதான் குறை. அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல அவர் தொடங்கும்போது என் கண் செருகும். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குப் பிறகு நடந்த கதை எனக்குத் தெரியாது. கல்யாண ரிசப்ஷன்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வருவதற்கே எட்டு மணி ஆகும், நான் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவேன். மதுரையில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். அட்டவணைப்படி அன்று நீண்ட ஓட்டம். மண்டபத்திலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி, முகூர்த்தத்துக்குள் வந்து குளித்துப் பட்டுச் சேலை கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. வந்துவிட்டேன். ஆனால் தொப்பலாக நனைந்த டி-ஷர்ட்டோடு மண்டப வாசலுக்குள் நுழைந்தபோது எதிரில் வந்தது மாப்பிள்ளை அழைப்புக்காரர்கள். "உங்க வீட்டுக்காரிக்கு உடம்புக்கு ஏதும் முடியலியா?" என்று பெரியவர் ஒருவர் என் கணவரிடம் அக்கறையாக விசாரித்தார். ஊர் திரும்பும்வரை அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

இந்தக் கணக்கை எப்படித் தீர்த்தோம் என்றால், தீர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைவரை விழித்திருப்பேன் என்று ஒரு ஒப்பந்தம் ஆனது. அதற்காகச் சனிக்கிழமை காலை நீச்சலை ஏழு மணிக்குத் தள்ளினேன். அத்தை அட்டவணையில் அதை அடித்துத் திருத்தி எழுத வைத்தார்.

ஏலகிரிக்குப் போனது குடும்பச் சுற்றுலா என்ற பெயரில். கோவாவில் மேடு பள்ளம் அதிகம், கடற்கரைச் சாலையை மட்டும் நம்பினால் கால் தாங்காது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் திருவள்ளுவர், பாரதியார், பாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முன்னால் மிதிக்க, காரில் பின்னால் கணவர், அத்தை, மகன் மூவரும். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த மகன் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொரு பலகையையும் உரக்க வாசித்தான். பாரி வளைவில் எனக்கு மூச்சு முட்டி நின்றபோது, "முல்லைக்குத் தேர் குடுத்தவராச்சே, கார்ல ஏறிக்கோன்னு சொல்லுவாரும்மா" என்றான். ஏறவில்லை. என் கணவர் காரை விட்டு இறங்கித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அவருக்கும் வியர்த்திருந்தது. முதல் கியரில் என் வேகத்துக்குக் காரை உருட்டிக்கொண்டு வருவது லேசான வேலையில்லை என்று அன்றுதான் தெரிந்தது. அன்று இரவு அறையில் அவர் சொன்ன அலுவலகக் கதையைக் கடைசிவரை கேட்டேன். மலைக்குளிரில் தூக்கம் வரவில்லை, அதுவும் ஒரு காரணம்.

கடல் நீச்சலுக்குக் கோவளம். 2022 கோடையில் சின்னக் குழுவாகப் போவோம், உள்ளூர் மீனவர் ஒருவர் படகில் துணைக்கு வருவார். குளத்தில் கீழே கோடு இருக்கும், நேராகப் போகலாம். கடலில் எட்டு பத்து கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிக் குறியைப் பார்க்க வேண்டும். தலை முழுவதையும் தூக்கினால் கால் தாழும், அத்தை சொன்னதுதான். மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை இந்தக் கரையோரம் நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். நேராக நீந்துவதாக நினைத்துக்கொண்டு நான் சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பேன். "தண்ணி வடக்க ஓடுதும்மா, நீங்க தெக்க பாத்துப் போங்க, சரியா வரும்" என்று படகிலிருந்து குரல் வரும். ஒருமுறை சொறி என்கிற ஜெல்லிமீன் தீண்டி முன்கையில் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்தது. வினிகர் ஊற்றினார்கள். அலுவலகத்தில் கொதிக்கிற எண்ணெய் தெறித்துவிட்டதா என்று கேட்டார்கள். கடலில் நீந்தினேன் என்று சொல்வதைவிட ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

நவம்பர் 13 என்று பந்தயத் தேதி வந்ததும் பெண்கள் செய்யும் முதல் காரியத்தை நானும் செய்தேன், காலண்டரில் பின்னோக்கி எண்ணினேன். சரியாக அந்த வாரத்தில் வந்து நின்றது. தள்ளிப்போட மாத்திரை போடலாமா, வேண்டாமா என்று மருத்துவரிடம் பேசி வேண்டாமென்று முடிவெடுத்தேன். பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வாரம் லோடு குறைச்சுக்கலாம் மேடம்" என்றார். எந்த அட்டவணையிலும் இதற்கென்று ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

பந்தய விதிகளை உட்கார்ந்து படித்தது அப்போதுதான். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கக் கூடாது. முன்னால் போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், அவர் கிழித்துவிட்ட காற்றில் ஒண்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிடத் தண்டனை. நீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் போட்டுப் பரிசுக்கு நீந்த முடியாது. அரபிக்கடலுக்கு அந்தக் கவலையே இல்லை. இவையெல்லாம் சரி. அடுத்து ஒன்று இருந்தது. வழியில் அமைப்பாளர்கள் வைத்திருக்கும் மையங்களில் தருவதைத் தவிர, வெளியிலிருந்து யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. குடும்பத்தார் கூடவே ஓடி வரக் கூடாது. முடிவுக்கோட்டைக் குழந்தையோடு கடந்தால் தகுதி நீக்கம்.

எனக்கு இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. இந்தப் பந்தயம் பிறந்ததே குடும்பத்தில்தான். 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே விரிகுடாவில் நடந்த, மூன்றும் சேர்ந்த முதல் நவீன ட்ரையத்லானில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, மனைவி ஜூடி, பிள்ளைகள் எல்லோரும் கலந்துகொண்டார்கள். ஜானும் ஜூடியும்தான் 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேனை நடத்தினார்கள். புறப்பட்டது 15 பேர், முடித்தது 12 பேர். அன்று ஒவ்வொருவரும் தங்கள் உதவியாட்களைத் தாங்களே கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவர்கள்தான் வழியெல்லாம் உணவும் தண்ணீரும் தர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீர் கொடுத்தார்கள் என்பது இன்றும் சிரித்துச் சொல்லப்படும் கதை. பிறகு ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள், பெரிய பரிவாரம் உள்ளவருக்கும் தனியாக வந்தவருக்கும் ஒரே நியாயம் வேண்டுமே என்று விதி மாறியது. நியாயம்தான். ஆனால் நாலு மணிக்குக் கால் விரலை இழுத்தவர், முதல் கியரில் காரை உருட்டியவர் எல்லோரும் பந்தய நாளில் மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது, படிக்கும்போது என்னவோபோல் இருந்தது.

சென்னையிலிருந்து பெங்களூரு, ஹுப்பள்ளி வழியாகக் காரில் போனோம், ஏறக்குறைய 900 கிலோமீட்டர். சைக்கிள் பின்னால் தொங்கியது. அத்தை அரிசிப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கோவாவில் கிடைக்கும் அரிசி நீராகாரத்துக்கு ஒத்துவராது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சமையலறை உள்ள அறையாகப் பார்த்துப் பஞ்சிமில் எடுத்திருந்தோம். முந்தின நாள் சைக்கிளைக் கொண்டுபோய்த் தாங்கியில் மாட்டிவிட்டு வந்தேன். வரிசை வரிசையாக நின்ற சைக்கிள்களில் என்னுடையதைவிட மலிவானது ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து மகன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

மிராமார் கடற்கரை மாண்டோவி ஆறு கடலில் சேரும் இடம். காலையில் தண்ணீர் கலங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தது. கணுக்காலில் நேரம் குறிக்கும் சிப், தலையில் ரப்பர் தொப்பி. சில பேர் சில பேராக உள்ளே விட்டார்கள். முதல் மிதவைவரை பதற்றம், யாரோ ஒருவரின் கால் என் கண்ணாடியில் பட்டு ஒரு பக்கம் தண்ணீர் புகுந்தது. திரும்பும் மிதவைக்கு முன்னால் நீரோட்டம் என்னை வெளிப்பக்கமாகத் தள்ளியது. எதிர்த்து நீந்த நீந்த மிதவை அதே தூரத்தில் இருந்தது. அப்போது ஆட்டோவில் அத்தை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, உடம்பு தானாகச் சாய்வாகத் திரும்பி அறுத்துக்கொண்டு போனது. பிறகு யோசித்துப் பார்த்துத்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுகொண்டேன். கெடுவுக்குச் சில நிமிடங்கள் மிச்சமிருக்கும்போது மணலில் கால் பட்டது.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏற்றங்களில் மற்றவர்கள் தாண்டிப் போனார்கள், இறக்கங்களில் நான் பிரேக் பிடித்தேன். ஏலகிரி இல்லாவிட்டால் பாதியில் இறங்கித் தள்ளியிருப்பேன். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கால் நம்முடையதாக இருக்காது. இதற்கென்றே 'பிரிக்' என்ற பயிற்சியை மாதக்கணக்கில் செய்திருந்தும் அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. மதிய வெயில் உச்சியில். உதவி மையங்களில் தொப்பிக்குள் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஓட்டப் பாதை சுற்றுச்சுற்றாக வரும். முதல் சுற்றில் அவர்கள் மூவரையும் பார்த்துக் கையசைத்தேன். அடுத்த சுற்றில் வரும்போது அத்தை தடுப்பின் ஓரமாக முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் சொம்பு. சென்னையிலிருந்தே கொண்டுவந்த அதே சொம்பு, வெயில் பட்டு மின்னியது. பின்னால் என் கணவர் குடை பிடித்துக்கொண்டு அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விதியை விளக்குகிறார் என்று தூரத்திலேயே தெரிந்தது. அத்தை கேட்பதாகத் தெரியவில்லை. நான் நெருங்கியதும் சொம்பைத் தடுப்புக்கு மேலே நீட்டினார்.

"ஒரு வாய். ஒரே வாய் குடிச்சிட்டுப் போ. மொகம் வாடிக் கெடக்கு."

பத்தடி தள்ளி ஒரு நடுவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாக்கு வறண்டிருந்தது, வெங்காய வாசனைகூட வந்தது. "வேண்டாம் அத்தை, வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நின்றிருப்பேன். அடுத்த மையத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் நீட்டிய கோலாவை வாங்கிக் குடித்தேன்.

கடைசி நீளத்தில் மகன் தடுப்புக்கு வெளியே எனக்கு இணையாக ஓடி வந்தான். கூட வரக் கூடாது என்று பலமுறை சொல்லி வைத்திருந்தேன். பார்வையாளர் பகுதியில் ஒரு பையன் ஓடினால் அதற்கு அம்மா பொறுப்பல்ல என்று அவனே ஒரு வாதம் தயார் செய்து வைத்திருந்தான். கூட்டம் அடர்ந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு தனியாகக் கோட்டைக் கடந்தேன். பதக்கம் போட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளிவாசலில் அவர்களைக் கண்டுபிடித்தபோது என் கணவர் முதலில் கேட்டது, "இன்னிக்கு ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவே?"

அறைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றுமுன் சொம்பை வாங்கி முழுவதையும் குடித்தேன். அத்தை வெறும் சொம்பை வாங்கிக்கொண்டார், பேசவில்லை. குளித்துவிட்டு வந்து கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். பால்கனியில் அத்தை அம்பாசமுத்திரத்திலிருக்கும் தங்கச்சியிடம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"ஆமா, முடிச்சிட்டா. கடல்லயும் நீந்திட்டா, நல்லாத்தான் நீந்துனா. எல்லாஞ் சரி, நான் நீட்டுன சொம்ப மட்டும் வாங்கலளா. நம்ம வீட்டு ஆளு குடுத்தாத் தப்பாம். ரோட்டுல நிக்க எவனோ குடுத்தா வாங்கிக் குடிக்கலாமாம். சட்டமாம். எழுதுனவன் பொண்டாட்டி புள்ளயோட இருந்தவந்தானாம், உன் மவன் சொல்லுதான். எனக்கு நம்பிக்கையில்ல."